தாழைப்பள்ளத்துக்கு வந்த பாதி மேய்ப்பர்கள்

கருங்காட்டு ஓடையில் ஞானசிகாமணி என்றொரு கொக்கு இருந்தது. ஓடைக்கரையில், பெரிய மருத மரத்தின் கீழே, அது ஓர் ஊழியப் பள்ளி நடத்தியது. காட்டிலுள்ள சபைகளுக்கெல்லாம் அங்கிருந்துதான் போதகர்கள் போவது வழக்கம்.

கொக்கு கெட்டது அல்ல. விடியுமுன் எழுந்து ஜெபிக்கும். அதன் குரலைக் கேட்டால் கல்லும் கரையும். ஆனால் அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். தனக்குத் தெரிந்ததையே மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தது. தெரியாததை, தேவையில்லாதது என்று சொல்லிவிட்டது!

வேதமாணிக்கம் என்ற கலைமான் அங்கே படித்தது. பிரசங்கத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. படிப்பு முடிகிற சமயத்தில் அது கொக்கிடம் கேட்டது:

"ஐயா, மந்தையில் யாராவது நோயாய்ப் படுத்தால் நான் என்ன செய்ய வேண்டும்?"

"ஜெபிக்க வேண்டும்!"

"ஜெபித்துவிட்டு?"

"மறுபடியும் ஜெபிக்க வேண்டும்!"

"இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டால்?"

"ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்! சபை ஒருநாளும் பிரியக் கூடாது. இதெல்லாம் ஒரு கேள்வியா? மேலேயிருந்து அருள் வந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்! போ, போய் அங்கி தைத்தாகிவிட்டதா என்று பார்!"

கலைமான் அங்கியைப் பார்க்கப் போனது. அடுத்த வாரமே புது அங்கி போட்டுக்கொண்டு தாழைப்பள்ளத்துக்குப் புறப்பட்டது.

தாழைப்பள்ளத்தில் செம்மறி ஆடுகளின் சபை இருந்தது. போதகர் இல்லாமல் வெகுகாலம் ஏங்கிக் கிடந்த சபை அது. கலைமானின் முதல் பிரசங்கத்தைக் கேட்டு ஆடுகள் கண்ணீர் விட்டன. அன்னப்பழம் என்ற ஆடு எல்லோரையும்விட அதிகமாக அழுதது. அதன் புருஷனைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்தது கிருபா என்ற ஒரே குட்டி. அந்தக் குட்டியை முன்வரிசையில் உட்காரவைத்து, "பாரடி, நமக்கும் ஒரு மேய்ப்பர் வந்துவிட்டார்!" என்று அன்னப்பழம் பூரித்துப்போனது.

மழைக்காலம் வந்தது. கூடவே காய்ச்சலும் வந்தது. மாசிலாமணி என்ற கிழட்டுக் கிடாவுக்கு வாயில் புண், மூக்கில் சளி. மறுநாள் இன்னும் சில ஆடுகள் இருமத் தொடங்கின. ஆடுகள் பயந்துபோய்ப் போதகரைச் சுற்றி வந்து நின்றன.

அன்னப்பழம் கேட்டது: "போதகரே, எனக்கு மனசு சரியில்லை. என் குட்டியைக் கொஞ்ச நாளைக்குத் தூரமாய்க் கூட்டிப்போகட்டுமா?"

கலைமான் யோசித்தது. கொக்கு சொன்னதுதான் நினைவுக்கு வந்தது.

"வேண்டாம், அம்மா! சபை பிரியக் கூடாது. எல்லோரும் குகைக்குள் கூடுவோம். நோயாளிகளை நடுவில் வைப்போம். தோளோடு தோள் சேர்ந்து நின்று ஜெபிப்போம்!"

போதகரே சொன்ன பிறகு மறுப்பு ஏது? எல்லா ஆடுகளும் குகைக்குள் நெருக்கியடித்து நின்றன. கலைமான் ஒரு வாய்ப் புல்லும் தின்னவில்லை. தொண்டை கட்டும்வரை ஜெபித்தது. வேஷம் அல்ல, உண்மையாகவே உருகி ஜெபித்தது. அது கண்ணைத் திறந்தபோது பாதி மந்தை இருமிக்கொண்டிருந்தது.

கிருபா ஈரமான ஒரு காலையில் செத்துப்போனது. அதன்பின் இன்னும் பல குட்டிகள் செத்தன.

அடக்கத்தின்போது கலைமான் பிரசங்கம் செய்தது. வழக்கம்போல் அருமையான பிரசங்கம். ஆனால் இந்த முறை யாரும் அழவில்லை. அன்னப்பழம் எழுந்து நின்றது.

"போதகரே, பிரசங்கம் நன்றாயிருக்கிறது. நிறுத்துங்கள்!"

கலைமான் நிறுத்தியது.

"தூரமாய்க் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றீர்கள். ஏன் வேண்டாம் என்றீர்கள்? உங்களுக்கே தெரியுமா?"

"தெரியாது, அம்மா" என்றது கலைமான். "எனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன்."

"அப்படியா? சொல்லிக்கொடுத்தவரிடமே கேட்போம். நடங்கள்!"

இருவரும் கருங்காட்டு ஓடைக்குப் போனார்கள். கொக்கு பாடம் நடத்திக்கொண்டிருந்தது. நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டது. பிறகு கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சொன்னது:

"ஜெபத்தில் குறையில்லை. உங்கள் மந்தைக்குத்தான் விசுவாசம் போதவில்லை!"

அன்னப்பழம் கொக்கின் முன்னால் போய் நின்றது. "பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் பேசுகிற பேச்சா இது?"

அதுவரை தலைகுனிந்து நின்ற கலைமான் சட்டென்று நிமிர்ந்தது.

"ஐயா! அவர்களுக்கு விசுவாசம் இருந்தது. என்னை நம்பி நின்றார்கள். நம்பியதால்தான் செத்தார்கள்! மேய்ப்பன் என்று என்னை அனுப்பினீர்களே, ஒருநாளாவது ஒரு மந்தைக்குள் என்னை நிற்கவைத்தீர்களா? காய்ச்சல் கண்ட ஓர் ஆட்டின் நெற்றியையாவது நான் தொட்டுப் பார்த்திருப்பேனா? கேட்டேனே ஐயா, உங்களிடம் கேட்டேனே!"

அங்கியைக் கழற்றிப் பாறைமேல் எறிந்துவிட்டு அது காட்டுக்குள் போய்விட்டது.

இதையெல்லாம் புதர் மறைவிலிருந்து ஒரு நரி கேட்டுக்கொண்டிருந்தது. அதன் பெயர் செல்வதுரை. பள்ளியின் மேலாளர் அதுதான். மருத மரத்தடியில் இருந்த தலைமை இருக்கையின்மேல் அதற்கு வெகுநாளாய் ஒரு கண்.

நரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது. "அம்மா, நியாயம் உங்கள் பக்கம்! இந்தக் கொக்கை நம்பினால் காடே சுடுகாடாகிவிடும். பள்ளிப் பொறுப்பை என்னிடம் கொடுக்கும்படி காட்டுச் சபைகளிடம் சொல்லுங்கள். வேலை தெரிந்த போதகரை அனுப்புகிறேன்!"

ஆடுகளின் கோபம் நரிக்கு வசதியாய்ப் போயிற்று. காட்டுச் சபைகள் எல்லாம் கூடிக் கொக்கை விலக்கின. நரி இருக்கையில் ஏறி உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் காலை ஜெபத்தை ஒழித்தது.

"கண்ணை மூடி உட்காரும் நேரத்தில் ஒரு வேலி கட்டிவிடலாம்!" என்றது. "திட்டம் போடு, வேலையை முடி, அடுத்த இடத்துக்குப் போ! இதுதான் ஊழியம்!"

நரியிடம் சில வாரம் படித்துவிட்டு, காய்ச்சல் இன்னும் ஓயாத தாழைப்பள்ளத்துக்கு ஒரு குரங்கு வந்தது. தைரியராஜ் என்று பெயர். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரக் குரங்கு! வந்த அன்றே நோயாளிகளை மேட்டுப்பக்கம் பிரித்து வைத்தது. தேங்கி நின்ற மழைத்தண்ணீரை வாய்க்கால் வெட்டி வடித்தது. மந்தையைச் சுற்றி வேலி கட்டியது. மலைக்கு அந்தப் பக்கம் ஓடி, கரடி வைத்தியரிடம் மருந்துத் தழை வாங்கி வந்தது. காய்ச்சல் மெல்ல மெல்ல இறங்கியது.

"இவரல்லவா போதகர்!" என்று ஆடுகள் சொல்லிக்கொண்டன.

மாசிலாமணிக் கிடா மட்டும் தேறவில்லை. ஒரு சாயங்காலம் அது குரங்கைக் கூப்பிட்டது.

"போதகரே, கொஞ்சம் பக்கத்தில் உட்காருங்கள். எனக்குப் பயமாயிருக்கிறது."

"மருந்து குடித்தீர்களா, தாத்தா?"

"குடித்தேன். இனி மருந்து கேட்காது, எனக்குத் தெரியும். கண்ணை மூடினால் ஒரே இருட்டாய் இருக்கிறது. ஆண்டவர் என்னைச் சேர்த்துக்கொள்வாரா? ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்காக ஒரு ஜெபம் செய்யுங்கள்."

குரங்கு தலையைச் சொறிந்தது. "அது எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையே, தாத்தா. தலைக்கு இன்னும் கொஞ்சம் வைக்கோல் வைக்கட்டுமா?"

வைக்கோல் வைத்தது. பிறகு, பாதியில் விட்ட வாய்க்கால் வேலையை முடிக்கப் போய்விட்டது. கிடா முகத்தைப் பாறைப்பக்கம் திருப்பிக்கொண்டது. அப்படியே செத்தது.

காலையில் குரங்கு சுறுசுறுப்பாகக் குழி வெட்டியது. மண்ணைத் தள்ளி மூடியது. கையைத் தட்டிவிட்டு, "ஆயிற்று. அடுத்து என்ன வேலை?" என்று கேட்டது.

ஆடுகள் அசையாமல் நின்றன. குழிமேல் ஒரு சொல் இல்லை, ஒரு பாட்டு இல்லை. அன்னப்பழம் ஒரு ஞானப்பாட்டை எடுக்கப் பார்த்தது. முதல் அடியிலேயே நிறுத்திவிட்டது. துக்கம் கோபமாக மாறியது.

"வாருங்கள் எல்லோரும்!" என்றது.

இந்த முறை முழு மந்தையும் ஓடைக்கரைக்குப் போயிற்று. நரி இருக்கையில் சாய்ந்திருந்தது.

"என்ன, கூட்டமாய் வந்திருக்கிறீர்கள்? காய்ச்சல் நின்றதா, இல்லையா?"

"நின்றது."

"வேலி?"

"நிற்கிறது."

"பிறகென்ன குறை?"

"ஒரு கிழவர் பயந்து பயந்து செத்துப்போனார்!" என்றது அன்னப்பழம். "பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதலாய் ஒரு வார்த்தை சொல்ல உங்கள் ஆளுக்குத் தெரியவில்லை!"

நரி சிரித்தது. "சாகப்போகிறவரிடம் பேசி என்ன லாபம்?"

ஆடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தரையை மிதித்தன. ஓடைக்கரை அதிர்ந்தது.

அன்னப்பழம் கத்தியது: "கொக்கு வெறும் வாயை அனுப்பியது. நீ வெறும் கையை அனுப்பினாய். முழுசாய் ஒரு மேய்ப்பரை உருவாக்க உங்களில் ஒருவருக்கும் துப்பில்லையா? நாங்கள் நீங்கள் வெட்டிப் பழகுகிற மரக்கட்டைகளா? என் குட்டியின் உயிர்தான் உங்களுக்குப் பரீட்சைத்தாளா? மேய்ப்பர் வேண்டும் என்று கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா?"

நரி அவசரமாகக் குரலைக் குழைத்தது. "கோபப்படாதீர்கள்! கொக்கின் மாணவன் ஒருவன், என் மாணவன் ஒருவன், இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பிவிடுகிறேன்!"

"அவன் ஜெபித்துக்கொண்டே இருப்பான், இவன் வெட்டிக்கொண்டே இருப்பான், ஒருவர் வேலை மற்றவருக்குப் புரியாது. நடுவில் நாங்கள் சாக வேண்டுமா? இறங்கு கீழே!"

கிடாக்கள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு முன்னால் வந்தன. நரி இருக்கையிலிருந்து குதித்துப் புதருக்குள் ஓடியது. அதற்குப் பிறகு அதை யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஓடையின் எதிர்க்கரையில் கொக்கு நின்றுகொண்டிருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தது. தண்ணீரைக் கடந்து மெல்ல நடந்து வந்தது.

"அம்மா, விசுவாசம் போதவில்லை என்று உங்களைச் சொன்னேன். அது பாவம்."

"ஆமாம், பாவம்தான்" என்றது அன்னப்பழம். கொக்கைத் தேற்ற ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இனி பள்ளி இங்கே நடக்கக் கூடாது. எங்கள் பள்ளத்துக்கு வரட்டும். ஜெபிக்க நீங்கள் சொல்லிக்கொடுங்கள். அது எங்களுக்கு வேண்டும். ஆனால் உங்கள் மாணவர்கள் எங்கள் நடுவில் குடியிருக்கட்டும். நோயாளியைப் பார்க்கட்டும், சண்டையைத் தீர்க்கட்டும், குட்டி ஈனும்போது கூட நிற்கட்டும். கரடி வைத்தியரும் வந்து பாடம் எடுக்கட்டும். யார் போதகராகத் தகுதி என்று கடைசியில் நாங்களும் சேர்ந்து சொல்வோம்!"

"நானும் கரடியிடம் படிக்க வேண்டுமா?" என்று கொக்கு தயங்கியது.

"முதல் பெஞ்சில்!"

அப்படியே நடந்தது. குரங்கு கொக்கிடம் ஜெபிக்கக் கற்றுக்கொண்டது. ஆரம்பத்தில் அதற்கு ஓரிடத்தில் உட்காரவே முடியவில்லை! கலைமான் கரடி வைத்தியரின் குகையில் தழை அரைத்துக்கொண்டிருப்பதாகத் தெரிந்து, கொக்கே போய் அதைக் கூப்பிட்டது. "எந்த முகத்தோடு வருவேன்?" என்று கலைமான் அழுதது. ஆனாலும் வந்தது. வந்து, மற்ற மாணவர்களோடு மாணவனாக மந்தைக்குள் தங்கியது.

அடுத்த மழைக்காலத்தில் மலைக்கு அப்பாலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் ஆடு தள்ளாடி வந்து சேர்ந்தது. வாயில் புண். மூச்சு இரைத்தது. ஆடுகள் மிரண்டன.

"விரட்டுங்கள்! அந்தக் காய்ச்சல்தான்! விரட்டுங்கள்!"

கலைமான் குறுக்கே வந்து நின்றது.

"விரட்ட வேண்டாம். மந்தைக்குள்ளும் வேண்டாம். குட்டிகளைப் பாறைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோங்கள். தைரியராஜ், மேட்டில் ஒரு பந்தல் போடு!"

பந்தல் எழும்பியது. கலைமான் அந்த ஆட்டுக்கு மருந்து கொடுத்தது. புண்ணைக் கழுவியது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்தது. பேரைக் கேட்டது. சொந்தங்களை வழியில் பறிகொடுத்த கதையைக் கேட்டது. அது அழுது முடிக்கும்வரை காத்திருந்தது. அதன்பிறகுதான் ஜெபித்தது. சின்ன ஜெபம். நோயாளிக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அன்னப்பழம் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் ஒரு பாளைத் தொன்னை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து பந்தலுக்கு வெளியே வைத்தது.

கலைமான் எழுந்து வந்தது. "அம்மா, என்னை மன்னித்துவிட்டீர்களா?"

"இன்னும் இல்லை" என்றது அன்னப்பழம். "அதற்கு நாளாகும். தண்ணீரை எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள், போதகரே! அவளுக்குத் தாகமாயிருக்கும்."

மந்தையை மேய்க்கப் போகிறவருக்கு மனமுருகி ஜெபிக்கவும் தெரிய வேண்டும், மந்தைக்கு வேண்டியதைச் செய்யவும் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் கற்பித்து அனுப்புகிறவர்கள் அந்த மந்தைக்கே தீங்கு செய்கிறார்கள்.