ஆடுகளின் பார்வை

"இதுல பயப்பட ஒண்ணுமே இல்லையேம்மா," என்றார் ஓவியர் சேந்தன். கையிலிருந்த படத்தை ஞானி வெண்ணியம்மையிடம் நீட்டினார்.

தூக்கமில்லாமல் தவித்த அரசிக்காக அவர் வரைந்த படம் அது. பச்சைப் புல்வெளி, சிறு குளம், இருபது ஆடுகள், மாலை வெயில். பார்த்ததும் மனம் அமைதியாக வேண்டும் என்பது அரசரின் ஆணை.

அரசி பார்த்தாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

நாளை மாலைக்குள் படத்தைச் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் சேந்தனின் வலது கட்டைவிரலை எடுத்துவிடுவார்கள். அரசர் சொன்னால் சொன்னதுதான். அந்த ஒரு விஷயத்தில் அவர் மிகவும் நேர்மையானவர்.

குன்றின்மேல் இருந்த ஞானி வெண்ணியம்மை, சேந்தனைவிடப் பதினைந்து வயது இளையவள். துறவு கொள்ளும்வரை ஆடு மேய்த்தவள். ஓவியத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அரண்மனை ஓவியர்கள் எல்லாரும் கைவிரித்த பிறகுதான் சேந்தனுக்கு அவள் நினைவு வந்தது.

அவள் படத்தைப் பாறைமேல் விரித்து வெகுநேரம் பார்த்தாள்.

"வானத்தைக் கொஞ்சம் வெளுக்கட்டுமா?" என்றார் சேந்தன்.

"வானம் நல்லாத்தான் இருக்கு."

"குளத்துல கறுப்பு கூடிப்போச்சோ?"

"குளமும் நல்லாத்தான் இருக்கு. ஓநாய் எங்க?"

சேந்தனுக்குத் திக்கென்றது. "ஓநாயா? நான் வரையலையே."

"இருபதுல ஒண்ணாவது மேயுதா, பாருங்க."

ஒன்றும் மேயவில்லை. எல்லாம் தலையைத் தூக்கி நின்றன.

"முகம் தெரியணும்னு அப்படி வரைஞ்சேன்."

"ஓநாய் வாடை பட்டாத்தான் ஆடு இப்படி நிக்கும். எல்லாம் ஒரே பக்கம் பாக்குது. எந்தப் பக்கம்?"

சேந்தன் தேடினார். ஆடுகள் புதரைப் பார்க்கவில்லை, குளத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தன. 

"அரசர் மேல உள்ள பயம்மா. அதுதான் கைவழியா இறங்கிடுச்சு."

"விரலை எடுப்பேன்னு அவர் எப்ப சொன்னார்?"

"நேத்து. அரசி அழுததுக்கு அப்புறம்."

"படத்தை எப்ப முடிச்சீங்க?"

"பத்து நாள் ஆச்சு."

வெண்ணியம்மை ஓர் ஆட்டின் கண்மேல் விரல் வைத்தாள். "இது ஆட்டுக் கண் இல்ல. யாரைப் பாத்து வரைஞ்சீங்க?"

"ஆடு எங்கம்மா ஒரு இடத்துல நிக்குது? என் சம்சாரம் மருதியை எதிர்ல உட்கார வச்சேன். அசையாதேன்னா அசைய மாட்டா. மூச்சுகூடச் சத்தம் வராது."

"எங்க பாத்துட்டு இருந்தாங்க?"

"என்னைத்தான்."

சொன்னபிறகு சேந்தன் ஆடுகளைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

படத்தைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "கண்ணை மட்டும் மாத்தினாப் போதுமாம்மா?"

"போதும். மறுபடி அவங்களை எதிர்ல உட்கார வைங்க. பயமில்லாம உங்களைப் பாக்குறப்போ வரைஞ்சிடுங்க."

"கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷம் ஆச்சும்மா," என்றார் சேந்தன். "ஒரு நாள்ல எப்படி?"