காக்கை தொடாத சோறு

மாசானம் மடத்துக்கு வந்ததே கோபத்தை விடுவதற்குத்தான். போலீஸ் ஏட்டு வேலையை விட்டாயிற்று, சிகரெட்டை விட்டாயிற்று, கறி மீனையும் விட்டாயிற்று. கோபம் மட்டும் போக மாட்டேன் என்று கூடவே வந்து, மடத்திலும் அவருக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

தாமிரபரணிக் கரையில் படித்துறைக்கு மேலே இருந்தது அந்த மடம். கோமதியம்மை என்ற துறவி அதை நடத்தி வந்தார். மாசானத்தைவிடப் பத்து வயது இளையவர். சாந்த சொரூபி என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். அவர் வாயைத் திறந்தால் சுடும்.

வந்த அன்றே மாசானம் கேட்டார்.

"அம்மா, எனக்கு இந்தக் கோபம் எப்படிப் போகும்?"

"முற்றத்துல கூழ்வத்தல் காயுது. காக்கா வராமப் பாத்துக்கிடும்."

"நான் கேட்டது வேறம்மா."

"கேட்டது காதுல விழுந்துச்சு. வத்தலைப் பாரும்."

கறுப்புத் துணி கட்டிய கம்பு ஒன்று போதும், அந்த வேலைக்கு. யாராக இருந்தாலும் கம்பை நட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். மாசானத்தால் முடியவில்லை. காக்கை வத்தலைக் கொத்துவதை அவர் தனக்குச் செய்த அவமரியாதையாக எடுத்துக்கொண்டார். "என் கண்ணு முன்னாலயே களவாங்குதியா?" என்று அவற்றோடு சண்டைக்குப் போனார். கொய்யாக் கவட்டையை ஒடித்து, சைக்கிள் டியூபைக் கட்டி, உண்டிவில் ஒன்று செய்துகொண்டார். போலீஸ்காரர் அல்லவா, குறி தப்பவில்லை. ஒரு காக்கையின் கால் ஒடிந்து தொங்கியது.

கோமதியம்மை அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். உண்டிவில்லைப் பிடுங்கிக்கொண்டு போய் அடுப்பில் போட்டார்.

"வத்தலைப் பாக்கச் சொன்னேன். காலை ஒடிக்கச் சொன்னேனா?"

"களவாங்க வந்துச்சும்மா."

"அதுக்குப் பசி. உமக்கு என்ன?"

மாசானம் மறுநாளிலிருந்து, அம்மை அந்தப் பக்கம் போனதும், கையாலேயே கல்லை எடுத்து வீசினார். இப்படி ஒரு மனிதரை என்ன சொல்லித் திருத்துவது!

அந்த ஆடியில் அவருடைய அப்பா செத்துப் போனார்.

அப்பாவும் மகனும் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. மாசானம் புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று பந்தியில் தொடங்கிய பகை அது. வந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி, "வாசலைத் தெக்க பாத்து வச்சிருக்கான், வெளங்கின மாதிரிதான்" என்று கிழவர் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம்தான். அதற்காக, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் இருந்த இலையை ஒரு மகன் சுருட்டி இழுப்பானா? இழுத்தார் மாசானம். குழம்பும் சோறும் கிழவரின் மடியில் கொட்டின.

கிழவர் எச்சில் கையோடு எழுந்தார். "இனி உன் கையால ஒரு பருக்கை தின்னேன்னா என்னை நாய்னு கூப்பிடு" என்றார். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. மகனும் கூப்பிடவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் 'அவர்தானே ஆரம்பித்தார்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பதினாறாம் நாள் காரியம், மடத்துக்குக் கீழே இருந்த படித்துறையில் நடந்தது. மூத்த மகன் என்பதால் மாசானம் தலையை மழித்து மீசையையும் எடுத்திருந்தார். மடத்து நாயே ஆள் யாரென்று தெரியாமல் குரைத்தது.

சோற்று உருண்டையை இலையில் வைத்து, மருதமரத்தைப் பார்த்து, "கா, கா" என்று கூப்பிட்டார்.

அந்தப் படித்துறைக் காக்கைகளைப் பற்றி ஊருக்கே தெரியும். சோற்றை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் கொத்துகிற கூட்டம் அது. அன்றைக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. மரம் முழுக்க உட்கார்ந்துகொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கத்தின.

உறவுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காக்கை எடுக்கவில்லை என்றால் செத்தவருக்கு ஏதோ குறை.

தங்கை பேச்சியம்மா அழுதாள். "எப்பா, உங்க கருத்த ஆட்டை விக்க மாட்டோம்பா. வந்து எடுத்துக்கிடுங்கப்பா."

காக்கை வரவில்லை.

தம்பி சுடலை சொன்னான். "எப்பா, உங்க ரேடியோவை நானே ரிப்பேர் பாத்து வச்சுக்கிடுதேன்பா."

அதற்கும் வரவில்லை. வெயில் ஏறியது. குழந்தைகள் பசியில் சிணுங்கின. அப்போதுதான் தாய்மாமன், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மனுசன் சொன்ன சொல்லைக் காப்பாத்துதாரு. மூத்தவன் கையால வேண்டாங்காரு."

"அண்ணே, நான் வேணா வச்சுப் பாக்கட்டுமா?" என்றான் சுடலை.

"மூத்தவன் நான் இருக்கையில நீ யாருல வைக்கதுக்கு? போ அங்கிட்டு!"

மாசானம் மரத்தைப் பார்த்துக் கத்தினார்.

"செத்தும் உமக்கு வீம்பா? ஊருக்கு முன்னால என்னை அசிங்கப்படுத்தாம உம்ம கட்டை வேகாதா? நான் குளிச்சு, மழிச்சு, வயித்துல ஒண்ணும் இல்லாம நிக்கேன்! இறங்கி வந்து தின்னும்!"

காக்கைகள் இன்னும் பலமாகக் கத்தின.

அவர் ஈர வேட்டியோடு படியேறி மடத்துக்கு வந்தார். கோமதியம்மை முற்றத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் மடத்தை விட்டுப் போறேன்."

"எதுக்கு?"

"எங்க அப்பாவுக்கே என் மேல கோபம் போகல. எனக்கு மட்டும் எப்படிப் போகும்? என் கையால சோறு வேண்டாம்னு மரத்துல உக்காந்திருக்காரு."

"எந்த மரத்துல?"

"அந்தா, அந்த மருதமரத்துல."

கோமதியம்மை புளியை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார். முற்றத்தின் ஓரத்துக்கு வந்து நின்றார். அங்கிருந்து மரத்தின் உச்சி கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. அவர் குனிந்து, தரையில் கிடந்த கல் ஒன்றை எடுத்தார். மரத்தில் ஒரு காக்கைகூட அசையவில்லை. கல்லைக் கீழே போட்டார்.

"இப்ப நீரு குனியும்."

"என்னத்துக்கும்மா?"

"குனியும்னு சொல்லுதேன்லா!"

மாசானம் குனிந்தார். கை தரையைத் தொடவில்லை. அதற்குள் மரம் முழுக்கக் காக்கைகள் சிதறிப் பறந்தன. மடத்துக்கு மேலே வட்டம் போட்டு, அவர் தலைக்கு நேராக வந்து கத்திவிட்டுத் திரும்பவும் மரத்தில் போய் உட்கார்ந்தன. ஒரு காக்கை மட்டும் மடத்து மதிலில் இறங்கியது. அது ஒரு காலில்தான் நின்றது. இன்னொன்று ஒடிந்து தொங்கியது.

மாசானம் குனிந்தபடியே இருந்தார்.

"மொட்டை போட்டா நாய்க்குத்தான் அடையாளம் தெரியாது" என்றார் கோமதியம்மை. "உள்ள போயி நடுக்கதவைச் சாத்திக்கிட்டு இரும்."

மாசானம் உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் நின்றார். சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு கீழே படித்துறையில் பேச்சியம்மா வீறிட்டாள். "எடுத்துட்டாரு! எங்க அப்பா எடுத்துட்டாரு!" அழுகையும் சிரிப்புமாகக் குரல்கள் கேட்டன. யாரோ இலையைப் போடச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

மாசானம் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. ஆனால் குரலில் ஏதோ ஒரு தெம்பு வந்திருந்தது.

"அப்போ அது எங்க அப்பா இல்லம்மா."

"இல்ல. நீரு கல்லெறிஞ்ச காக்கா."

"கோபம் காக்காவுக்குத்தான்."

"ஆமா."

"அப்போ எங்க அப்பா என்னை மன்னிச்சிட்டாருன்னு வச்சுக்கிடலாமாம்மா?"

கோமதியம்மைக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. அவர் இப்படிக் கத்தி மடத்தில் யாரும் கேட்டதில்லை.

"அதை ஏன் என்கிட்ட கேக்கீரு? மூணாவது ஊருலதான இருந்தாரு மனுசன்! நம்ம வாசல்லதான பஸ் நிக்குது! என்னைக்காவது ஒரு நாள் ஏறிப் போயி, 'எப்பா, இலையை இழுத்தது தப்பு'ன்னு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டீரா? இருக்கையில அவருகிட்ட கேக்க வாய் வரல. இப்ப காக்காகிட்ட கேக்கீரு, மரத்துகிட்ட கேக்கீரு, என்கிட்ட கேக்கீரு! வச்சுக்கிடலாமான்னு என்ன கேள்வி அது?"

மாசானத்தின் வாய் 'அவருதான்' என்று தொடங்கியது. அதற்கு மேல் வரவில்லை. மழித்த தலையைப் பிடித்துக்கொண்டு நடைப்படியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. கீழே பந்தி தொடங்கிவிட்டது. அவரைத் தேடி வந்த சுடலை, பாதிப் படியிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

கோமதியம்மை விட்ட இடத்திலிருந்து புளி கொட்டை எடுக்கத் தொடங்கினார்.

வெகுநேரம் கழித்து மாசானம் கேட்டார்.

"இனி நான் யாருகிட்டம்மா கேப்பேன்?"

கோமதியம்மை உள்ளே போனார். பானையிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தார். மதிலைக் காட்டினார். கால் ஒடிந்த காக்கை இன்னும் அங்கேயே இருந்தது. மாசானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்தா, அதுக்கு இன்னும் உயிரு இருக்கு. அதுகிட்டக் கேளும்."