கூத்தில் விஷம் வைத்தவனுக்குக் கழுமரம்

முன்னொரு காலத்துல மருதஞ்சீமைன்னு ஒரு நாடு. அதை ஆண்ட ராஜா கோமளவர்மனுக்கு மத்த நேரமெல்லாம் புத்தி சரியாத்தான் இருக்கும். கூத்து பார்க்க உட்கார்ந்தா மட்டும் கழண்டுடும். ராஜாவே அப்படின்னா குடிகளைக் கேக்கணுமா?

அந்த வருசக் கூத்துல உதயவீரன்னு ஒரு நல்ல மன்னன். அவன் ராணிக்குச் சொந்த மாமனே விஷம் வச்சுக் கொன்னுடுறான். மாமன் வேஷம் கட்டினவன் சடையாண்டி, மூணு பொண்ணைப் பெத்த அப்பாவி. அவன் உப்பு வாங்கக் கடைவீதிக்குப் போனா, "கொலைகாரா!"ன்னு காறித் துப்புச்சு ஜனம். அவன் கூரைக்கும் தீ வச்சுது. உதயவீரன் வேஷம் கட்டினவன் காலடி மண்ணை மட்டும் எடுத்து நெத்தியில பூசிக்கிச்சு. தூ! இந்த ஜனமும் ஒரு ஜென்மம்!

அமைச்சர் பதவி மேல கண்ணு வச்சிருந்த விசயராயர்னு ஒரு பெரிய மனுசன் ராஜா காதுல ஓதினார்.

"பிரபு, சடையாண்டியைக் கழுவேத்துங்க. வீரரைத் தளபதி ஆக்குங்க. மதயானையை ஒத்தைக் கையால அடக்கினாரே, என் கண்ணால பார்த்தேன்!"

"ஆமாமா! சாயங்காலத்துக்குள்ள கழுவேத்துங்க!"ன்னார் ராஜா.

சடையாண்டியைக் கயித்தால கட்டிச் சபைக்கு இழுத்துட்டு வந்தாங்க. அவன் பெண்டாட்டி வாசல்ல விழுந்து கதறினா. அமைச்சர் நன்னன் எழுந்தார்.

"நல்ல தீர்ப்பு மகாராஜா. அதுக்கு முன்னால தளபதி விஷயத்தை முடிச்சிடுவோம். பட்டத்து யானைக்கு மதம் பிடிச்சு நாலு நாளாச்சு, பாகன்கூட கிட்டப் போகல. வீரர் வந்து அடக்கட்டும். கூத்துல அவர் தோழன் வாலைப் பிடிச்சானே, அதை விசயராயர் பிடிக்கட்டும்."

"பேஷ்! பேஷ்!"ன்னு ராஜா கைதட்டினார்.

தளபதி பட்டம் வாங்க வந்து நின்ன வீரன் வேஷக்காரன் அங்கேயே மயங்கி விழுந்தான். விசயராயரை யானைக் கொட்டடி வாசலுக்கு இழுத்துட்டுப் போனாங்க; ராஜாவும் சபையும் கூடவே போனாங்க. யானை பிளிறின பிளிறல்ல அவர் வேட்டி நனைஞ்சு போச்சு.

"ஐயையோ, விடுங்கய்யா! அந்த யானை வெறும் சாக்குத்துணி! உள்ள ரெண்டு ஆளு!"

"அப்போ விஷம்?"ன்னார் அமைச்சர்.

"பானகம்!"

"செத்த ராணி?"

"மீசை மழிச்ச செங்கோடன்! கூத்து முடிஞ்சு என் வீட்டுலதான் எட்டு தோசை தின்னான்!"

"கேட்டீங்களா மகாராஜா? எல்லாம் தெரிஞ்சே ஒரு உசிரை வாங்கப் பார்த்திருக்கார்."

ராஜாவுக்கு வெக்கமாப் போச்சு. விசயராயரை யானைச் சாணி அள்ள அனுப்பினார். தன் முத்துமாலையைக் கழட்டி அமைச்சர் கழுத்துல போட்டார். சடையாண்டியைக் கட்டியிருந்த கயித்தைத் தன் கையாலேயே அவிழ்த்துவிட்டு, அவன் தோளைத் தொட்டு மெதுவாச் சொன்னார்:

"ஆயிரந்தான் இருந்தாலும், பெத்த பொண்ணு மாதிரிப்பா அவ. நீ விஷம் வச்சிருக்கக் கூடாது."

சடையாண்டி அன்னிக்கே பெண்டாட்டி புள்ளைகளோட அந்தச் சீமையை விட்டுப் போயிட்டான்.