எண்பது பேருக்கு ஒரு முட்டை

பூசணிப்பட்டிக்கு ஒரு வைத்தியர் வந்தார். மருந்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். பேசினார்.

"ஒவ்வொரு முட்டைக்குள்ளும் பொடிசாக ஒரு முழுக்கோழி உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கோழிக்குள் முட்டை. அந்த முட்டைக்குள் கோழி. உலகம் முடியும்வரை இப்படியே. மனுஷரும் அப்படித்தான்."

அந்தக் காலத்துப் படிப்பு அது. அவர் போய்விட்டார். ஊர் மாட்டிக்கொண்டது.

மறுநாள் மாசானத்தின் மகள் கோமதிக்குக் கல்யாணம். விருந்துக்குக் கொல்லை நிறையக் கோழி கட்டியிருந்தான்.

"ஒரு முட்டைக்குள்ளயே லட்சம் கோழி இருக்கு. இதுங்க எதுக்குடா?" என்றான் மாசானம்.

அவிழ்த்துவிட்டார்கள். ஒரு கோழியும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு முட்டையைக் கட்டிலில் வைத்து நாலு பேர் தூக்கினார்கள். லட்சம் கோழி கனக்காதா? ஊரிலேயே பெரிய அண்டாவில் போட்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் எண்பது பேர். இருட்டோடு கிளம்பி நடந்து வந்தவர்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் தாலி என்றார்கள்.

"வெந்துதா?" என்றான் மாசானம்.

"கோழி வெந்திருக்கும் அண்ணே" என்றான் சமையல்காரன் சுடலையாண்டி. "பேத்தி வேகணுமே."

"கொள்ளுப்பேத்தி?"

"அதுக்கு விறகு பத்தாது."

பொழுது சாய்ந்த பிறகு பந்தி. இலைக்குக் கடுகளவு முட்டை.

மாப்பிள்ளையின் அப்பா வெயிலுமுத்து குனிந்து தேடினார். "சம்பந்தி, கோழி எங்கே?"

"இலையில பாருங்க. ஆயிரத்துக்குக் குறையாது."

விரலில் ஒற்றி நக்கினார். "பசி போகலையே!"

மாசானத்துக்குச் சுருக்கென்றது. "ஆயிரம் கோழி தின்னும் அடங்காத பசியா? இந்தக் குடும்பத்துக்கா எம்பொண்ணு? முடியாது!"

வெயிலுமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். மாப்பிள்ளை மாலையைக் கழற்றினான். எண்பது பேரும் எழுந்துவிட்டார்கள்.

கோமதி ஓடி வந்தாள். அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது.

"அப்பா! பசி இவங்களுக்கு இல்லப்பா. மாப்பிள்ளைக்குள்ள உங்க பேரன் இருக்கான்ல, அவனுக்கு! எல்லார் உள்ளேயும் பிள்ளைங்க கிடக்கு. வைத்தியர் சொன்னாரே!"

மாசானம் கலங்கிப்போனான். "பொறக்கறதுக்கு முன்னாடியே எம்பேரனைப் பட்டினி போட்டுட்டேனே! அடிங்கடா கிடாயை!"

மாப்பிள்ளை மாலையை மறுபடி போட்டுக்கொண்டான். கல்யாணம் பிழைத்தது.

ஆவி பறக்கச் சோறும் கறியும் வந்தன. வெயிலுமுத்து இலையில் கை வைத்தார். மாசானம் தட்டிவிட்டான்.

"நீங்கதான் ஆயிரம் கோழி தின்னாச்சே சம்பந்தி. இது பேரப்பிள்ளைகளுக்கு. நீங்க வாயை மட்டும் திறங்க. மெல்லாம உள்ளே அனுப்பணும். ருசி பார்த்தீங்க, இலையை எடுத்துருவேன்!"