பாதி சிந்திய தண்ணீர்

பாண்டிய நாட்டில் துறவிகள் தங்கும் ஒரு சமணப் பள்ளி இருந்தது. அதன் எல்லையில் ஒரு கல். உயிருக்குப் பயந்து ஓடி வருகிறவன் எவனாக இருந்தாலும் சரி, அந்தக் கல்லைத் தாண்டி, அங்கே ஊற்றுகிற தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டால் போதும். அப்புறம் அரசனே வந்தாலும் அவனைத் தொடக்கூடாது.

எயினனும் ஒரு காலத்தில் அப்படி ஓடி வந்தவன்தான். மாடு கவரப் போன இடத்தில் சண்டை மூண்டு ஒருவனைக் கொன்றுவிட்டான். செத்தவனின் ஆட்கள் துரத்த, இங்கே வந்து விழுந்தான்.

பள்ளியின் தலைவியைக் குரத்தியார் என்று அழைப்பார்கள். எயினனைவிட வயதில் இளையவர். செத்தவன் கையிலிருந்து உருவிய செப்புக் காப்பை எயினன் அவர் காலடியில் வைத்தான்.

"இதைப் போட்டிருந்தவனைக் கொன்னுட்டேன் தாயே" என்று அழுதான்.

குரத்தியார் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றினார். பாதி அவன் கையில் விழுந்தது, பாதி மண்ணில் சிந்தியது.

அன்றிலிருந்து அவருக்குச் சீடனானான். மற்றவர்கள் தாங்களே மொண்டு குடிப்பார்கள். எயினனுக்கு மட்டும் தினமும் காலையில் குரத்தியாரே ஊற்றுவார். "செல்லப்பிள்ளைக்கு வந்த வாழ்வைப் பாரு!" என்று மற்ற சீடர்கள் கேலி செய்வார்கள். அவனுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஒருநாள் கல்லடியில் எயினனின் காவல் முறை. முகமெல்லாம் புழுதி அப்பிய ஒருவன் ஓடிவந்து, கல்லைத் தாண்டி விழுந்தான். ஐயோ பாவம் என்று எயினன் தண்ணீர் ஊற்றினான். வந்தவன் வயிறு முட்டக் குடித்துவிட்டு, மிச்சத்தில் முகம் கழுவினான். புழுதி போனதும் பாதி அறுந்த இடது காது தெரிந்தது.

காரி! தூங்கிக்கொண்டிருந்த எயினனின் அண்ணனை வெட்டிக் கொன்ற அதே காரி.

அட, தன் கையாலேயே தண்ணீர் ஊற்றித் தொலைத்தாயிற்றே! எயினன் விறகு வெட்டும் அரிவாளை எடுத்துக்கொண்டு கல்லுக்கு வெளியே போய் நின்றான்.

"டேய் காரி! என்னைக்காவது ஒருநாள் வெளியே வருவேல்ல? அன்னைக்கு இருக்குடா உனக்கு!"

அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நடந்தான், நின்றான், மறுபடி நடந்தான். சோறு வேண்டாம் என்றான். ஓணான் ஓடினாலும் காரியோ என்று திரும்பினான். கண் அசந்தால் ஆள் நழுவிவிடுவானே என்ற பயத்தில் தூக்கமும் போயிற்று. உள்ளே காரியும் நடுங்கிக்கொண்டுதான் கிடந்தான்.

பொழுது விடிந்தது. குரத்தியார் எப்போதும்போலத் தண்ணீர்ச் செம்போடு வந்தார்.

"உள்ளே வா, எயினா."

"மாட்டேன். அவன் இருக்கிற இடத்துல எனக்கென்ன வேலை?"

"அவனும் பயந்து வந்தவன்தானே?"

"என் அண்ணனைக் கொன்னவன், தாயே!" எயினன் கத்தியே விட்டான். "நீங்க எல்லாத்தையும் துறந்தவங்க. கூடப்பிறந்தவனைப் பறிகொடுத்தவன் வயித்தெரிச்சல் உங்களுக்கு என்ன தெரியும்?"

குரத்தியார் கல்லருகே வந்து நின்றார்.

"நீ கொண்டுவந்தியே ஒரு செப்புக் காப்பு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அதை என் தம்பி கையில போட்டுவிட்டவ நான்தான்."

எயினன் தரையைப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"தெரிஞ்சுமா அன்னைக்கு எனக்குத் தண்ணி ஊத்தினீங்க?"

"கை நடுங்கிச்சு. பாதி சிந்திடுச்சு."

"எப்போ என்னை மன்னிச்சீங்க, தாயே?"

குரத்தியார் கல்லைத் தாண்டி அவன் முன்னால் வந்து நின்று, செம்பைச் சாய்த்துப் பிடித்தார்.

"இன்னும் முழுசா முடியலை, எயினா. அதான் தினமும் நானே வந்து ஊத்துறேன். ரெண்டு கையையும் நீட்டு."