காலிப் பாய்கள்

"தாயே, நான் யாருக்கும் கதவடைக்கவில்லையே. பிறகு ஏன் இப்படி?" என்றார் மந்திரி மாசாத்தன்.

தலை நரைத்த மந்திரி, தன் மகள் வயதுகூட ஆகாத உலகம்மையின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவள்தான் அவருக்குக் குரு.

அவர் கட்டியது பெரிய கலாசாலை. உப்பு வரி முழுவதும் அதற்கே போனது. படிப்பும் இலவசம், சோறும் இலவசம். ஆனாலும் வணிகர் வீட்டுப் பிள்ளைகள்தான் படித்து மேலும் செழித்தார்கள். வரி கட்டிய உப்பளத்துக்காரர்கள் உப்பளத்திலேயே கிடந்தார்கள்.

இன்னொரு கலாசாலை கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றான் அரசன். அதற்கு வரி இரட்டிப்பாகும். பொழுது சாய்வதற்குள் மந்திரி ஆணையில் முத்திரை வைக்க வேண்டும்.

"வாரும், போய்ப் பார்ப்போம்," என்றாள் உலகம்மை.

பட்டப்பகல். வகுப்பில் முன்னால் பட்டுடுத்திய பிள்ளைகள். பின்னால் காலிப் பாய்கள்.

"அவை யாருக்கு?"

"உப்பளத்துப் பிள்ளைகளுக்கு. இலக்கணம் தெரிந்தால் போதும், வந்து உட்காரலாம்."

"அங்கே இலக்கணம் யார் சொல்லித்தருகிறார்?"

"ஒரு பள்ளிக்கூடம் இருந்தது." மந்திரி மென்று விழுங்கினார். "இதைக் கட்டும்போது செலவுக்குப் போதவில்லை. மூடிவிட்டோம்."

உலகம்மை பின்வரிசையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"பேச்சி."

"உள்ளேன், அம்மா."

குரல் காலிப் பாயிலிருந்து வந்தது.

"சங்கன்."

"உள்ளேன், அம்மா."

முன்வரிசையில் ஒருவரும் திரும்பவில்லை. அவர்கள் காதில் அது விழவே இல்லை. 

"செத்தவர்களா, தாயே?" என்றார் மந்திரி.

"நன்றாக இருக்கிறார்கள். இந்நேரம் உப்பு வாரிக்கொண்டிருப்பார்கள்."

மந்திரி ஒரு பாயில் கையூன்றி உட்காரப் போனார்.

"அங்கே வேண்டாம். ஆள் இருக்கிறது."

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். உள்ளங்கையில் ஈர உப்பு ஒட்டியிருந்தது.

பயந்துபோய் வெளியே ஓடிவந்தார். உலகம்மையும் பின்னால் வந்தாள். எதிரே, புதிய கலாசாலைக்கென்று அளந்து போட்ட பொட்டல் வெயிலில் கிடந்தது. ஒரு கல்கூட இன்னும் ஊன்றவில்லை.

"முத்திரை வைக்கட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லிவிடுங்கள், தாயே."

உலகம்மை பொட்டலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"வடிவு."

வெறும் மண்ணிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"உள்ளேன், அம்மா."

"இது யார் வீட்டுப் பிள்ளை?" என்றார் மந்திரி.

"பேச்சியின் மகள். இங்கேயும் அவள் பாய் காலியாகத்தான் கிடக்கும்," என்றாள் உலகம்மை. "இன்னும் பிறக்கவில்லை."