ஏழு நகல்களும் ஒரு லைசென்ஸும்

"ஒரு பொய் சொல்லிக்கட்டுங்களா அம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்து நின்றார் நாச்சிமுத்து.

மலையடிவார மடத்தின் தலைவி நிறைமதி அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சீடரான நாச்சிமுத்துவைவிட அவருக்கு வயது குறைவு. ஆனாலும் மின்வாரிய வேலையை உதறிவிட்டு வந்தவருக்கு அம்மையின் சொல்தான் வேதவாக்கு. உட்காரச் சொல்லிவிட்டு அம்மை கீரையைத் தள்ளி வைத்தார்.

நாச்சிமுத்து நடந்ததைச் சொன்னார். மடத்துக்கு வரும் ஏழைகளுக்குக் காது மெஷின் வைத்து, அவரவர் காதுக்கேற்ப ஒலியைக் கூட்டிக் குறைத்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. அதற்கான கம்ப்யூட்டர் புரோகிராம் ஒரு பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் ஓடும். இடி விழுந்து அந்தக் கம்ப்யூட்டர் கருகிப் போனது. தப்பிய டிஸ்க்கில் இருந்ததை எடுத்து, புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே உடம்பில்லாத இன்னொரு கம்ப்யூட்டரை, விர்ச்சுவல் மெஷின் என்பார்களே அதை, உண்டாக்கி அதில் குடிவைத்தார். பழைய சிஸ்டம் கண் விழித்தது. சுற்றிலும் எல்லாம் மாறியிருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டது. லைசென்ஸை மறுபடி ஆக்டிவேட் செய்தால்தான் உள்ளே விடுவேன் என்று அடம் பிடித்தது.

அந்தச் சிஸ்டத்தை விற்ற நிறுவனத்துக்குப் போன் போட்டார். திரையில் தெரிந்த நீளமான எண்ணை வாசித்துக் காட்டினார். அந்தப் பக்கத்துப் பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். இந்த லைசென்ஸை எத்தனை கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறீர்கள்? நாச்சிமுத்து, திரும்பக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

"எத்தனைல போட்டிருக்கீங்க?" என்றார் அம்மை.

"ஏழுங்க. காது ரூம்ல புதுசா வெச்சதும் கெட்டுப்போனா என்ன பண்றதுன்னு, மடத்துல கண்ணுல பட்ட கம்ப்யூட்டர்ல எல்லாம் ஒரு நகல் போட்டு வெச்சுட்டனுங்க. எல்லாமே லைசென்ஸைத்தான் கேக்குது, லைசென்ஸ் ஒண்ணுக்குத்தான். ஏழுன்னு சொன்னா தொறக்கற நம்பரைத் தர மாட்டாங்க."

வெளியே பாவாத்தாள் காத்திருந்தாள். நெடுஞ்சாலை ஓரத்தில் பூ விற்கிறவள். காது மெஷின் மக்கர் செய்ததிலிருந்து பின்னால் வரும் லாரியின் ஹாரன் அவளுக்குக் கேட்பதில்லை. போன வாரம் ஒரு லாரி அவள் கூடையை நசுக்கிவிட்டுப் போனது. அவள் தப்பியது மறுபிறவி.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணச் சொல்றாங்க. நான் ஒரே ஒரு பொய்தானுங்க கேக்கறேன்."

அம்மை சிரிக்கவில்லை. "பாவாத்தாளுக்கு எத்தனை வேணும்?"

"ஒண்ணு போதுமுங்க."

"மிச்சம் யாருக்கு?"

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "என்ற சொந்தப் பயத்துக்குங்க."

அம்மை எழுந்து நடந்தார். கணக்கு அறை, நூலகம், சாமான் அறை என்று நாச்சிமுத்து போகிற இடமெல்லாம் கூடவே போய் வாசலில் நின்றார். நாச்சிமுத்து ஒவ்வொரு நகலாக அழித்தார். கடைசியாக அவருடைய சொந்த லேப்டாப். அங்கே கை எழவில்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"இதையும் அழிச்சு, அந்த ஒண்ணும் கெட்டுப்போச்சுன்னா என்னங்கம்மா பண்றது?"

"நம்மால ஆகலைன்னு பாவாத்தாகிட்டச் சொல்லோணும். நானும் கூட வரேன்."

நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் அழித்தார். பிறகு போனை எடுத்தார். மறுபடி அதே நீளமான எண், அதே கேள்வி. "ஒண்ணுங்க" என்றார். அந்தப் பெண் மளமளவென்று எண்களைச் சொல்ல, நாச்சிமுத்து தட்டச்சு செய்தார். காது அறையில் பழைய சிஸ்டம் திறந்து வழிவிட்டது.

நாச்சிமுத்துவுக்கு நிம்மதி வந்தது. கூடவே ஒரு உறுத்தலும் வந்தது.

"அப்பவே ஒண்ணுன்னு சொல்லியிருந்தாலும் இதே எண்ணைத்தானே அம்மா குடுத்திருப்பாங்க?"

"குடுத்திருப்பாங்க" என்றார் அம்மை. "போங்க. பாவாத்தா காதுல மொதல்ல விழப்போறது பொய் சொல்லாத உங்க குரல்."